உடுவில் விடுதியும் ஏட்டில் இல்லாத பெயர்களும்



முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் என்றதும் விருந்து, வாழ்த்துரை, குழுப்படம் ஆகியவையே நம் நினைவுக்கு வரும். பெண்கள் விடுதிப் பள்ளியின் ஒன்றுகூடலுக்கோ இவற்றினும் மேலான ஒரு பணி உண்டு. எந்த ஏட்டிலும் இடம்பெறாத பெண்களின் பெயர்களை அது காத்துவருகிறது. யாழ்ப்பாணத்து உடுவில் மகளிர் கல்லூரியின் வரலாற்றைக் கொண்டு இதனை விளக்க விழைகிறேன். அப்பள்ளிக்கும் நம் மலேசிய மண்ணுக்கும் உறவு உண்டு.

விடுதி தோன்றிய காரணம்

அமெரிக்க மிசன் 1816-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் தன் பணியைத் தொடங்கியது. 1820-இல் அங்கு வந்த ஹேரியட் வின்சுலோ அம்மையார், 1824-இல் உடுவிலில் பெண்களுக்கென ஒரு விடுதிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் பெண்கள் விடுதிப் பள்ளி இதுவே எனப் பலரும் குறிப்பிடுவர். அம்மையாரின் கணவர் மைரன் வின்சுலோவைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். 1862-இல் வெளிவந்த, 67,000-க்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்–ஆங்கில அகராதி அவர் பெயரால் விளங்குவது.

அக்காலத்தில் குடும்பப் பெண்களுக்கு எழுத்தறிவு தேவையில்லை என்பதே பொதுக்கருத்து. பகற்பள்ளிக்கு வந்த சிறுமியரும் வீட்டு வேலைக்காகவும் இளவயதுத் திருமணத்துக்காகவும் இடையில் நின்றுவிடுவர். எனவேதான் விடுதி தேவைப்பட்டது. படிப்பு முடியும்வரை பிள்ளையை அழைத்துச் செல்வதில்லை எனப் பெற்றோர் உடன்பட வேண்டும். உணவையும் உடையையும் மிசன் ஏற்றுக்கொள்ளும். திருமணத்தின்போது சீதனமாக ஒரு சிறு தொகையும் தரும். இதில் மிசனுக்கு ஒரு நோக்கம் இருந்ததையும் மறுப்பதற்கில்லை. 1823-இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற கிறித்தவ இளைஞர்களுக்குப் படித்த கிறித்தவ மனைவியர் வேண்டியிருந்தனர்.

மாற்றப்பட்ட பெயர்கள்

விடுதிச் செலவு அமெரிக்க நன்கொடையால் நடந்தது. அங்கு ஒருவரோ ஒரு சங்கமோ ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால், அவர்கள் விரும்பிய பெயர் அப்பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. ஆண்பிள்ளைகளுக்கும் இதே வழக்கம் இருந்தது. எனினும், ஆண்கள் பலர் தம் தமிழ்ப் பெயரையும் சேர்த்தே வைத்துக்கொண்டனர். 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான கரோல் விசுவநாதபிள்ளை இதற்குச் சான்று.

பெண்களின் நிலை அவ்வாறில்லை. வீட்டில் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று. விடுதி ஏட்டில் அமெரிக்கப் பெயர் ஒன்று. திருமணத்துக்குப் பின் இன்னாரின் மனைவி என்பதே அடையாளம். ஒரே பெண் மூன்று இடங்களில் மூவராக நிற்கிறாள். மூவரும் ஒருவரே என அறிந்தவர்கள் அவளோடு ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்த தோழியர் மட்டுமே.

1840-இல் உடுவிலுக்கு வந்த எலைசா ஆக்னியூ அம்மையார் ஏறத்தாழ 40 ஆண்டுகள், ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாமல் பணியாற்றினார். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையினர் அவரிடம் பயின்றனர். ‘ஆயிரம் மகள்களின் தாய்’ என அவரைப் போற்றுவர். தாயின் பெயர் நூல்களில் நிலைத்துவிட்டது. அந்த ஆயிரம் மகள்களுள் எத்தனை பேரின் பெயரை நம்மால் சொல்ல முடியும்?

மலாயாத் தொடர்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் இரயில்வே, மருத்துவமனை, அரசு அலுவலகம் ஆகியவற்றில் கிராணிகளாகவும் பணியாளர்களாகவும் மலாயா வந்தனர். ஊருக்குச் சென்று மணம் முடித்து மனைவியை அழைத்து வந்தனர். அம்மனைவியருள் விடுதிப் பள்ளிகளில் பயின்றவர்களும் இருந்தனர். 1913-இல் சர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்காக நிறுவிய இராமநாதன் கல்லூரியும் அத்தகைய ஒரு விடுதிப் பள்ளியே.

எங்கள் பள்ளியில் பணியாற்றி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியை ஒருவரின் தாயார் 1940-களில் உடுவில் விடுதியில் பயின்றவர். இங்கு வந்தபின் அவரை அனைவரும் ‘கிராணியார் வீட்டம்மா’ என்றே அழைத்தனராம். கல்லூரிக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்த 2024-இல், பழைய மாணவியர் கூடிய ஒரு வார இறுதிக்கு அந்த ஆசிரியை சென்று வந்தார். தாயார் காலமாகிப் பல்லாண்டுகள் ஆகிவிட்டன. அங்கே தொண்ணூறு வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர், தாயாரின் கன்னிப் பெயரைக் கேட்டதும், “ஓ, இரவுப் படிப்புக்கு எப்போதும் விளக்கடியில் இடம் பிடிப்பாளே, அவளின்ரை மகளா நீ?” என்றாராம். “எழுபது ஆண்டுகளில் என் அம்மாவை ‘அவள்’ என்று உரிமையோடு சொன்ன ஒருவரை அன்றுதான் கண்டேன், டீச்சர்” என்று அவர் என்னிடம் கூறியபோது என்னால் ஒன்றும் பேச இயலவில்லை.

ஏடும் நினைவும்

ஏடுகள் நிலையானவை என்று நாம் நம்புகிறோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. 1995 அக்டோபர் இறுதியில் உடுவில் உட்பட வலிகாமம் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினர். வீடுகளில் இருந்த படங்களும் சான்றிதழ்களும் எத்தனை தொலைந்தனவோ! இன்று கொழும்பிலும் இலண்டனிலும் டொரொன்டோவிலும் வாழும் பழைய மாணவியர் ஒன்றுகூடும்போது, ஒருவர் மறந்த பெயரை மற்றொருவர் எடுத்துக் கொடுக்கிறார். எரிந்த ஏட்டின் ஒரு பக்கம் அங்கே மீண்டும் எழுதப்படுகிறது.

ஆசிரியப் பெருமக்களே, நம் தமிழ்ப்பள்ளிகளிலும் முன்னாள் மாணவர் ஒன்றுகூடல்கள் நடைபெறுகின்றன. மூடப்பட்ட தோட்டப் பள்ளிகளின் பதிவேடுகள் எங்கே என்று கேட்டால் பல இடங்களில் விடை கிடைப்பதில்லை. ஆகவே அடுத்த முறை வரவேற்பு மேசையில் ஒரு தடித்த குறிப்பேட்டை வையுங்கள். வரும் ஒவ்வொரு பெண்மணியும் தம் பிறந்த வீட்டுப் பெயர், தோட்டத்தின் பெயர், படித்த ஆண்டு, அருகில் அமர்ந்திருந்த தோழியின் பெயர் ஆகிய நான்கையும் எழுதட்டும். நான்காவதை மறவாதீர்கள். வர இயலாமற்போன ஒருத்தி அதன் வழியேதான் அந்த ஏட்டுக்குள் வருவாள்.