தலகணிக்குள் என்ன இருந்தது?

எங்களில் ஒருவரின் வீட்டில் போன மாதம் ஒரு பழைய தலகணியைப் பிரித்தோம். உறை கிழிஞ்சு போச்சு. உள்ளே மஞ்சள் பிடிச்ச இலவம் பஞ்சு, கட்டி கட்டியாய். "எறிஞ்சுபோட்டு ஸ்பொஞ் ஒண்டு வாங்குவம்" எண்டோம். அம்மம்மா விடேல்லை. "தொண்ணூற்றைஞ்சில தூக்கிக்கொண்டு போன தலகணியடா அது."

அதுக்குப் பிறகுதான் தலகணிக்குள் எதை அடைக்கிறோம் என்பதிலும் ஒரு வரலாறு இருக்கலாம் என்று தோன்றியது.

யாழ்ப்பாணத்தில் படுக்கை என்றால் முதலில் பாய்தான். மெத்தைக்கும் தலகணிக்கும் தும்பு, பருத்தி, இலவம் என மூன்று இருந்தன. தேங்காய் மட்டையை ஊறப்போட்டு அடித்தெடுக்கும் தும்பு விறைப்பானது. காற்றோட்டமும் உண்டு. மெத்தைக்குச் சரி, தலைக்குக் குத்தும். பருத்தியின் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அது நூலாகிறது, வட இந்தியாவில் குளிருக்குப் போர்த்தும் ரஜாய்க்குள் வைத்துத் தைத்தாலும் இடம் மாறாமல் நிற்கிறது. ஆனால் ஈரத்தை உறிஞ்சும், நாளடைவில் அமர்ந்து பாரமாகும்.

இலவம் பஞ்சு நேர் எதிர். இழை குட்டை, வழுக்கும், தனியே நூற்பது கஷ்டம். ஆனால் ஒவ்வொரு இழையும் உள்ளே வெறுமையான குழாய், வெளியே மெழுகுப் பூச்சு. தண்ணீர் லேசில் ஏறாது. தன் எடையைப்போல் சுமார் 30 மடங்கு பாரத்தை நீரில் மிதக்கவைக்கும். அதனால் கப்பற்காரரின் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். உலகச் சந்தைக்கு வந்ததில் பெரும்பகுதி ஜாவாவினுடையது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து நின்றுபோனது. அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை விட்டு, எங்கட எருக்கலைக்கு உறவான ஒரு செடியின் பஞ்சைப் பொறுக்கவைத்தார்கள்.

இனி எங்கட கதை. 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்க, பொருளாதாரத் தடையும் வந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாம் தட்டுப்பாடு. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க நடக்கத் தொடங்கியது. மழை. நாவற்குழிப் பக்கம் நகர இடமில்லாத சனம். தும்பு மெத்தையை யார் தூக்குவது? அம்மம்மா தூக்கியது ஒரு தலகணி. ஏன் எண்டு கேட்டோம். "காணி உறுதியை சொப்பிங் பையில சுத்தி அதுக்குள்ளதான் வச்சுத் தைச்சனான்."

உறை நனைந்தது. உறுதி நனையவில்லை. பையும் காரணம், பஞ்சும் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஸ்பொஞ் என்று நாங்கள் சொல்லும் பொலியூரித்தேன், 1937இல் ஜேர்மனியில் ஒட்டோ பாயர் குழுவினரின் ஆய்வில் பிறந்தது. வெயிலில் போட்டு உதறத் தேவையில்லை, விலையும் பரவாயில்லை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்புச் சாமான்களோடு அதுவும் தாராளமாக வந்து சேர்ந்தது. அதில் படுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டோம், நாங்களும் அதில்தான் படுக்கிறோம். வெக்கை நாளில் முதுகு அவியும், அவ்வளவுதான்.

அந்தப் பஞ்சை ரெண்டு நாள் வெயிலில் காயவைத்து, தூளாய்ப் போனதைக் கழித்து, மிச்சத்தைப் புது உறைக்குள் அடைத்தோம். முந்தின அளவில் பாதிதான் வந்தது. அம்மம்மாவுக்கு அது போதும்.

இடப்பெயர்வு பற்றி எழுதும்போது திகதியும் தொகையும் எழுதுகிறோம். கையில் என்ன கொண்டுபோனார்கள், எதை விட்டுப்போனார்கள் என்று கேட்பது குறைவு. உங்கட வீட்டுப் பழைய தலகணியை எறிய முதல் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.