அரைப்பேர் விழுந்த உடம்பு

இலங்கையின் பதுளை, பசறை, மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களில் அன்று, காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூட்டும் இடத்துக்கு, வந்தும் வேலையை முடிக்க இயலாதவருக்குச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் அரைப்பேர் விழுந்தது. பேர் என்பது ஒரு நாள் கூலி. அந்தக் கணக்கு வேலையை அளந்ததே தவிர, வேலை ஏன் பாதியில் நின்றது என்று கேட்கவில்லை. நெடுநாள் சாராயம் குடித்தவரின் தளர்ச்சியைச் சோம்பல் என்று தள்ளியது பிழை என்பேன். நெடுநாள் குடியால் கல்லீரல் இறுகிச் சுருங்கினால், சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியும் தடுமாறும். அது கோர்ட்டிசோல் என்னும் ஹோர்மோனைச் செய்யக் கொலஸ்ட்ரோல் வேண்டும். அதைக் கொண்டுவரும் கொழுப்புப்புரதங்களில் பெரும்பங்கு கல்லீரலில் உருவாகிறது. வரத்து குறைந்தால், கடுங்காய்ச்சலோ இரத்தக்கசிவோ வரும் நாளில் உடம்புக்குத் தாங்கும் வலு இராது. அதே சுரப்பியின் அல்டோஸ்டெரோன் என்னும் இன்னொரு ஹோர்மோனோ நோய் முற்றும்போது மிகுந்துவிடுகிறது; பழுதான கல்லீரலால் அதை விரைவாகக் கழிக்கவும் முடிவதில்லை. அதனால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைக்க, கைகால் மெலிந்த உடம்பில் வயிறு மட்டும் நீர்கட்டிப் பெருக்கிறது. கோர்ட்டிசோலைச் சுமக்கும் புரதமும் கல்லீரலில் உருவாவதுதான். ஆகவே இரத்தத்தில் கோர்ட்டிசோலின் அளவு குறைந்து தெரிவதெல்லாம் உண்மைக் குறைவா என்று மருத்துவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எல்லாத் தளர்ச்சிக்கும் இதுவே காரணம் என்று நானும் சொல்லவில்லை.

அன்று இதை யார் அறிந்திருக்க முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மருத்துவர் தோமஸ் அடிசன் அட்ரீனல் நோயை விவரித்தது 1855-ல். கோர்ட்டிசோலைப் பிரித்தெடுத்தது 1930களில்தான். தோட்டத்து மருந்து கொடுப்பவரை நான் குறைகூறவில்லை. ஆனால் மஞ்சளான கண்ணையும் ஊதிய வயிற்றையும் காண ஆய்வுகூடம் தேவையில்லை. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872-லேயே சட்டம் வந்துவிட்டது. 1912-ல் அது புதுப்பிக்கப்பட்டது. அதே 1912-ல் மதுவரிச் சட்டமும் மாறியது. அதுவரை சாராயம் விற்கும் உரிமையை அரசே ஏலத்தில் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தது. ஒரு கையில் மருந்து, மறு கையில் தவறணை என்னும் சாராயக்கடை. குடித்தது அவரவர் விருப்பம் என்பதில் பாதி உண்மை உண்டு. மறுபாதி, குளிரிலும் மழையிலும் நாள் முழுக்க நின்றவர் திரும்பிச் சென்ற நெருக்கமான லயத்து, அதாவது வரிசை வீட்டு, அறையில் இருந்தது. கல்லீரலைக் கெடுக்க வைரஸ் தொற்று முதலிய வேறு காரணங்களும் உண்டு. குடிக்காதவருக்கும் அந்த நோய் வரும். அவர் தளர்ந்து நின்ற நாளிலும் செக்ரோலில் விழுந்தது அதே அரைப்பேர்தான்.