கிண்ண மெழுகுதிரி

கிண்ண மெழுகுதிரி, அச்சில் வார்த்துப் பிரித்தெடுக்காமல் வார்த்த ஏனத்திலேயே வைத்து எரிக்கப்படுவது. தனித்து நிற்கும் மெழுகுதிரி இறுகிய மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும். கிண்ணத்தில் மெழுகு இளகினாலும் ஏனம் தாங்கிக்கொள்ளும். எரியும்போது மேற்பரப்பு உருகிக் குளமாக நிற்க, அதில் கலந்த மண எண்ணெய் ஆவியாகி அறையில் மணம் பரவும். வாசனை மெழுகுதிரிகளுக்கு இவ்வடிவமே பெரிதும் விரும்பப்படுவது இதனால்தான்.

திருகோணமலை மாவட்டத்தின் தென் எல்லையில், மகாவலியின் கிளையாறு கடலோடு சேரும் வெருகல் போன்ற வெப்பமான கரையோரத்தில் மெழுகைத் தெரிவதே முதற் சிக்கல். தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உருகிவிடும். ஆகவே அங்கு தனியாக அது உதவாது. கிண்ணத்துக்கென விற்கப்படும் சோயா மெழுகு 45 பாகையை ஒட்டி உருகும். கட்டியாக நின்றாலும் கோடையில் மேலே எண்ணெய் வியர்க்கும். தேன்மெழுகின் உருகுநிலை 62 முதல் 64 பாகை. மூதூர், வெருகல், வாகரைக் கரையோரத்துப் பழங்குடியினரிடையே தேன் எடுக்கும் வழக்கம் உண்டு. தேனைப் பிழிந்த அடையைச் சுடுநீரில் உருக்கித் துணியில் வடித்து ஆறவிட்டால் மெழுகு மேலே தட்டாக உறையும். அதன் மூன்று பங்குக்கு ஒரு பங்கு தேங்காயெண்ணெய் சேர்த்தால் கிண்ணத்துக்கேற்ற பதம் வரும்.

மணத்துக்கு இலங்கையில் கறுவா இலை எண்ணெயும் சிற்றனெல்லாப் புல் எண்ணெயும் கைக்கெட்டுபவை. கறுவா இலை எண்ணெயில் பெரும்பங்கு யூஜெனோல். கிராம்பின் வாசமும் அதுவே. தோலை எரிக்கும் என்பதால் கையுறை வேண்டும். தேன்மெழுகுக்கு இயல்பிலேயே ஒரு மணம் உண்டு. மல்லிகை போன்ற மென்மணம் அதில் அமுங்கிப்போகும், கறுவா நிற்கும். சிற்றனெல்லா நுளம்பை ஓரளவே விலக்கும். நுளம்பு வலைக்கு அது மாற்றாகாது. சோயா மெழுகு எடையில் 6 முதல் 10 சதவீதம் வரை எண்ணெய் ஏற்கும். தேன்மெழுகுக்கு 100 கிராமுக்கு 5 கிராமே போதும். மிஞ்சினால் திரி அடைத்துப் புகையும்.

பலரும் வாசனையில் காட்டும் அக்கறையைத் திரியில் காட்டுவதில்லை; மெழுகுதிரி கெடுவதோ பெரும்பாலும் அங்கேதான். குத்துவிளக்கில் முறுக்கிய பஞ்சுத்திரியைக் கையால் தூண்டிவிடலாம். மெழுகுதிரிக்குத் தூண்டுவார் இல்லை. தானே வளைந்து நுனி சாம்பலாகும் பின்னல் திரி வேண்டும். பிரான்சில் 1825இல் கம்பசேரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவரும்வரை கரிந்த நுனியை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது. திரி மெலிந்தால் நடுவில் குழி விழுந்து சுற்றிலும் மெழுகு வீணாக நிற்கும். தடித்தால் கரி படியும், ஏனம் கொதிக்கும். தேன்மெழுகு குழைவாக உருகுவதால் சற்றுத் தடித்த திரியையே கேட்கும். ஒரே ஏனத்துக்கு இரண்டு மூன்று அளவுத் திரிகளை எரித்துப் பார்ப்பதே வழி.

ஏனங்களில் தடித்த கண்ணாடிக் குவளை நல்லது. பூச்சிடாத மண்சிட்டி மெழுகை உறிஞ்சும். சிரட்டை பார்வைக்கு அழகு, ஆனால் அதுவே எரிபொருள். அடி குறுகுவதால் சுடர் சிரட்டையின் சுவரை நெருங்கிவிடும்.

மெழுகை நேரடி நெருப்பில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்க வேண்டும். தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் மூடியால் அமுக்க வேண்டும். தேன்மெழுகுக் கலவை 75 பாகையளவில் இருக்கும்போது மண எண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்கி, குவளையின் அடியில் ஒட்டிய திரியை ஈர்க்குக்குச்சிகளால் நடுவில் பிடித்து, இறுகத் தொடங்குமுன் வார்க்க வேண்டும். ஆறும்போது திரியைச் சுற்றிப் பள்ளம் விழுந்தால் மிச்சமெழுகை மீண்டும் ஊற்றி நிரப்பலாம். சோயா மெழுகில் மணம் ஊற ஓரிரு வாரம் பிடிக்கும்.

முதன்முறை ஏற்றும்போது உருகல் விளிம்பைத் தொடும்வரை அணைக்கக் கூடாது. பாதியில் அணைத்தால் அடுத்த முறையும் அதே வட்டத்திலேயே உருகும். ஒவ்வொரு முறையும் திரியை 6 மில்லிமீற்றருக்கு நறுக்கி, நான்கு மணிநேரத்துக்குள் அணைப்பது வழக்கம். அடியில் ஒரு சென்ரிமீற்றர் மெழுகு மிஞ்சும்போது எரிப்பதை நிறுத்தி, குவளையைச் சுடுநீரில் வைத்து இளக்கினால் எஞ்சியதை அடுத்த வார்ப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.