உடல் நிறை குறியீட்டெண்

பெரியவர்களின் எடை உயரத்துக்கு ஏற்றதா என்று மதிப்பிட உதவும் கணக்கு, சுருக்கமாக பி.எம்.ஐ. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியக் கணிதவியலாளர் அடோல்ஃப் கெட்லே கண்ட இந்த விகிதத்துக்கு 1972இல் ஆன்செல் கீஸ் குழுவினர் இன்றைய பெயரைச் சூட்டினர். கெட்லே தேடியது சராசரி மனிதனை; நோயாளியை அல்ல.

உலக சுகாதார நிறுவனம் 18.5 முதல் 24.9 வரை இயல்பு என்கிறது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வந்துவிடுவதால், இந்திய மருத்துவர்கள் 23ஐத் தொட்டாலே அதிக எடை, 25 முதல் உடற்பருமன் என்று கொள்கின்றனர். 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு வர்க்கம் 2.56, ஆகவே ஏறத்தாழ 47 முதல் 58 கிலோ வரை பொருத்தமான எடை. உயரத்தில் நூறைக் கழிக்கும் பழைய ப்ரோக்கா கணக்கு இவருக்கு 60 என்று தாராளம் காட்டும்.

தசையையும் கொழுப்பையும் இந்த எண் பிரித்தறியாது. பளுதூக்கும் வீரர் பருமன் பட்டியலில் விழக்கூடும். தசை கரைந்த முதியவர் இயல்பில் நிற்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. எனவே இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துப் பார்ப்பர்: தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். தொப்பைக்குக் கீழே வேட்டி கட்டும் இடத்தில் அளந்தால் தொப்பை கணக்கில் வராது.