வெட்டை நோயும் எழுபத்தோராண்டுப் பிழையும்

தமிழில் வெட்டை என்றும் மேலை வைத்தியத்தில் கொனோரியா என்றும் அழைக்கப்படும் நோயின் வரலாறு, பிழைகளின் வரலாறாகவே தொடங்குகிறது. கொனோரியா என்ற கிரேக்கச் சொல்லுக்கு விந்தொழுக்கு என்பது பொருள். ஆணின் சிறுநீர் வழியே வடியும் சீழை விந்து என்று கருதிய காலத்தின் பெயர் அது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலனின் கருத்தும் அதுவே. கருத்து மறைந்தது, பெயர் நிலைத்துவிட்டது.

அதைவிடப் பெரிய பிழை 1767இல் இலண்டனில் நேர்ந்தது. வெட்டையும் சிபிலிசும் ஒரே நஞ்சின் இரு வடிவங்களா என்பதை அறிய விரும்பினார் ஜோன் ஹன்டர் என்ற புகழ்பெற்ற சத்திரசிகிச்சை நிபுணர். வெட்டை நோயாளி ஒருவரின் சீழை எடுத்து ஆணுறுப்பில் ஏற்றிப் பார்த்தார். ஏற்றியது தன் உடலிலா, பிறர் உடலிலா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. சிபிலிசின் குறிகள் தோன்றவே, இரண்டும் ஒன்றே என்று முடிவு செய்தார். சீழ் தந்தவருக்கு இரு நோய்களும் இருந்திருக்க வேண்டும் என்பதே பிற்கால விளக்கம். 1793இல் எடின்பரோவின் பெஞ்சமின் பெல் மறுத்துரைத்தும் ஹன்டரின் புகழே வென்றது. 1838இல் பாரிஸ் நகரின் பிலிப் ரிக்கோர் இரண்டும் வேறு என நிறுவும் வரை, 71 ஆண்டுகள் அந்த முடிவின் நிழல் நீடித்தது.

1879இல் ஜேர்மனியரான அல்பேர்ட் நைசர், தமது 24ஆவது வயதில், இந்நோய்க்குக் காரணமான பக்டீரியாவை நுணுக்குக்காட்டியில் கண்டார். 1943இல் பெனிசிலின் வந்தபோது கவலை தீர்ந்தது என்றே பலரும் நம்பினர். ஆனால் 1976இல், பெனிசிலினையே சிதைக்கவல்ல வகைகள் கண்டறியப்பட்டன. இன்று பல நாடுகளில் முதன்மையாக நம்பப்படும் செப்ட்ரியாக்சோன் ஊசிக்கும் எதிர்ப்பு தலைகாட்டியுள்ளது. 2020இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்டோர் புதிதாகத் தொற்றுக்குள்ளானதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டது.

தொற்றிய சில நாட்களில் சிறுநீர் கழிக்கையில் எரிவும் சீழும் தோன்றுவது ஆண்களிடம் வழமை. எந்தக் குறியுமற்ற ஆண்களும் உளர். கவனியாது விட்டால் விரைப்பகுதி வீங்கி, சிலருக்குப் பிள்ளைப்பேறும் பாதிக்கப்படலாம்.

பத்திரிகைத் தொழிலில் இருந்த ஆண்டுகளில், இந்நோயின் பெயரை அச்சேற்றத் தயங்கி 'இரகசிய நோய்' என்று எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த இரகசியமே இன்று நோயின் துணை. வெட்கத்தால் வைத்தியரைத் தவிர்த்து, மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் நான்கு மாத்திரைகள் கிருமியைக் கொல்லாது அதற்குப் பயிற்சியளிக்கக் கூடும். துணைவருக்கும் சேர்த்துச் சிகிச்சை பெறாவிட்டால் நோய் மீண்டும் வரும்.

கண்ணால் பார்த்து ஊகித்த மாமேதை ஹன்டரே தவறினார். இன்று ஒரு சிறுநீர்ப் பரிசோதனை அந்த ஐயத்தைத் தீர்க்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதில் வெட்கப்பட ஏதுமில்லை.