கோலி சோடா பாட்டில் ஏன் அவ்வளவு கனம்?

மணிமங்கலம்னு சொன்னா வரலாறு படிச்சவங்களுக்கு ஒரு போர் ஞாபகம் வரும். 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன், சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைத் தோற்கடித்த போர்களில் ஒன்று இங்கேதான் நடந்தது. இன்னைக்கு நான் பேசப் போறது அதைப் பற்றி இல்லை. அதே ஊரில், என் வாடகை வீட்டுச் சமையலறையில் வெடிச்ச ஒரு பாட்டிலைப் பற்றி.

போன மே மாசம் இஞ்சி சோடா செய்யலாம்னு ஒரு ஆசை. இஞ்சிச் சாறு, எலுமிச்சை, ஒரு லிட்டர் தண்ணி, 60 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். அலமாரியில் அழகா ஒரு சதுரக் கண்ணாடி பாட்டில் இருந்துச்சு. ஊத்தி, இறுக்கி மூடி வெச்சேன். மூணாவது நாள் ராத்திரி ஒரு சத்தம். கண்ணாடித் துண்டுகள் சுவர் காலண்டரில் குத்தி நின்னுச்சு. கூட தங்கியிருக்கிற அண்ணன் வழக்கமா அந்தச் சமையலறை வாசலில்தான் பாய் விரிச்சுப் படுப்பார். அன்னைக்கு அவருக்கு ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட். அவ்வளவுதான் எங்க அதிர்ஷ்டம்.

நான் செய்த தப்பு புதுசு இல்லை. 300 வருஷத்துக்கு மேல மனுஷங்க செய்த தப்பு.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது கார்பன் டை ஆக்சைடு வரும். பீரோ, ஷாம்பெயினோ, இஞ்சி சோடாவோ, கணக்கு ஒண்ணுதான். லிட்டருக்கு சுமார் 4 கிராம் சர்க்கரை முழுசா புளிச்சா, அந்தத் திரவத்தின் கொள்ளளவுக்குச் சமமான வாயு வரும். சாதாரண பீரில் இருக்கிறது சுமார் இரண்டரை மடங்கு. நான் போட்ட 60 கிராமும் புளிச்சிருந்தா 15 மடங்கு! அது பாட்டிலே இல்லை, வெடிகுண்டு.

பிரான்ஸின் ஷாம்பெயின் பகுதியில் இதே கதைதான். நிலவறையில் பாட்டில்கள் வெடிக்கும். ஒண்ணு வெடிச்சா பக்கத்தில் இருக்கிறதும் உடையும். வேலைக்காரங்க இரும்பு முகமூடி போட்டுக்கிட்டு இறங்குவாங்க. 1830களில் பிரான்சுவா என்ற மருந்தாளுநர்தான் ஒயினில் மிச்சமிருக்கிற சர்க்கரையை அளந்து, எவ்வளவு சேர்க்கலாம்னு கணக்கு சொன்னார். உடைப்பு குறைஞ்சது. முதல் பாடம் இதுதான்: பாட்டிலைத் தேடுறதுக்கு முன்னாடி சர்க்கரையை நிறுத்துப் பார்.

இரண்டாவது பாடம் நம்ம தெருவிலேயே இருக்கு. 1772இல் ஜோசப் பிரீஸ்ட்லி தண்ணீரில் வாயுவைக் கரைக்கிற முறையை வெளியிட்டார். அந்த யோசனை அவருக்கு வந்தது லீட்ஸ் நகரில் பக்கத்தில் இருந்த பீர் ஆலையில். சோடா வந்துடுச்சு, ஆனா அதை அடைச்சு வைக்கிறதுதான் பிரச்சினை. கார்க் காய்ஞ்சா வாயு போயிடும். 1872இல் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் கோலி வெச்ச பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். வாயுவே கோலியை மேலே தள்ளி, கழுத்தில் இருக்கிற ரப்பர் வளையத்தோட ஒட்ட வைக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம் கவனிங்க. அழுத்தம் அதிகமானா கார்க் பிய்ச்சுக்கிட்டுப் பறக்கும், பாட்டில் தப்பிக்கும். கோலி அப்படி இல்லை. அழுத்தம் கூடக்கூட இன்னும் இறுகும். முழுச் சுமையையும் கண்ணாடிதான் தாங்கணும். அதனாலதான் கோலி சோடா பாட்டில் கையில் அவ்வளவு கனமா இருக்கு. மேடையில் தலைவருக்கு ஒரு சோடாவும், கீழே கலவரத்தில் ஒரு சோடா பாட்டிலும்னு நம்ம அரசியல் கதைகளில் அது இடம் பிடிச்சதுக்கும் அந்தக் கனம்தான் காரணம்.

அப்போ எதில் ஊத்தலாம்? ஏற்கனவே பீரோ சோடாவோ இருந்த வட்டமான, தடிச்ச பாட்டிலில். சதுர பாட்டிலில் அழுத்தம் மூலைகளில் குவியும், அங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும். ஜாம் பாட்டில், தேன் பாட்டில், அலங்கார பாட்டில் எதுவும் வேண்டாம். வாயில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் தூக்கிப் போடுங்க. புதுசா செய்றவங்களுக்கு பிளாஸ்டிக் சோடா பாட்டிலே நல்லது. அதன் அடியில் ஐந்து குமிழ் கால் இருக்கும். அழுத்தம் தாங்கத்தான் அந்த வடிவம். தண்ணி பாட்டிலில் பெரும்பாலும் அது இருக்காது. அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜில் வைங்க. குளிரில் ஈஸ்ட் கிட்டத்தட்ட தூங்கிடும். மே மாசத்து மணிமங்கலத்தில் அது தூங்கவே தூங்காது.

இன்னொண்ணு. லைசென்ஸ் இல்லாம வீட்டில் பீர் காய்ச்சுறது தமிழ்நாட்டில் குற்றம். 1937இல் ராஜாஜி ஆட்சியில் வந்த மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு. நான் பேசுறது பாட்டிலைப் பற்றி மட்டும்தான்.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கின அண்ணன் காலண்டரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஒண்ணுமே பேசலை. பாயை எடுத்து ஹாலில் விரிச்சார். இப்போ எந்த பாட்டிலைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் அடியைத் திருப்பிப் பார்க்கிறேன்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.