முத்துக் கழுவிய கூலிகள்



நம்மிடம் படித்த பிள்ளை ஒருவர் போன வாரம் கொழும்பிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருந்தார். ஒரு ஹோட்டலில் மேசை பார்க்கும் வேலை. தொடக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு மட்டும்தான் தூக்கினாராம். இப்போது பார் பக்கம் ஆள் குறைவு, அங்கேயும் நில் என்கிறார்கள். "சேர், விட்டுட்டு வந்தா வீட்டுக்கு என்னத்த அனுப்புற? நின்டா அந்தக் காசுல உம்மா சோறு தின்னுறத நெனச்சா எனக்கு ஏலாம இருக்கு."

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல. அதற்கு மௌலவிமார் இருக்கிறார்கள். அவரையும் அங்கேதான் அனுப்பினோம். ஆனால் வரலாறு படிப்பிக்கிற நமக்கு அந்தக் குரலைக் கேட்டதும் அரிப்புக் கடற்கரைதான் ஞாபகம் வந்தது. வயிற்றுக்கும் மனதுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட கூலிக்காரர்கள் நம் மண்ணில் ஆயிரக்கணக்கில் நின்ற இடம் அது. அவர்களைப் பற்றிச் சில விஷயங்கள் எழுதலாம் என்று நினைத்தோம்.

அரிப்பில் கடல் தின்றது போக மிச்சமாய் நிற்கும் செங்கல் இடிபாட்டைப் பார்க்காத ஆள் நம் பக்கத்தில் இருக்க முடியாது. அல்லிராணிக் கோட்டை என்கிறோம். அது ராணி கட்டியதல்ல. இலங்கையின் முதல் பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பைப் பார்ப்பதற்காகக் கட்டிய மாளிகை. ஒரு தேசாதிபதி வெயிலும் உப்புக்காற்றும் அடிக்கிற இந்த வெளியில் வந்து வீடு கட்டினார் என்றால் எவ்வளவு காசு இந்தக் கடலில் கிடந்தது என்று யோசித்துப் பாருங்கள். முத்துக்குளிப்புக்குப் பழைய பெயர் சலாபம். சிலாவத்துறை என்ற பெயருக்குள்ளே அந்தச் சலாபம்தான் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

சலாபம் எல்லா வருடமும் நடக்காது. பெரியபார், செவல்பார் என்று கடலுக்குள்ளே சிப்பி விளையும் பார்கள் இருந்தன. சிப்பி முற்றிவிட்டதா என்று அரசாங்கம் ஆள் அனுப்பிச் சோதிக்கும். முற்றியிருந்தால் அறிவித்தல் போகும். மாசி பங்குனியில், யாருமில்லாத மணல்வெளியில் திடீரென்று ஒரு பட்டினம் முளைக்கும். கீழக்கரையிலிருந்து நம் சோனகச் சகோதரர்கள், தூத்துக்குடியிலிருந்து கத்தோலிக்கப் பரதவர், பாரசீகக் குடாவிலிருந்து அரபிகள், யாழ்ப்பாணத்தார், வாங்க வந்த செட்டிமார், போலிஸ், கச்சேரி ஆட்கள். நடுச்சாமத்தில் தரைக்காற்றோடு வள்ளங்கள் போகும். மத்தியானம் கடற்காற்றோடு திரும்பும். காலில் கல்லைக் கட்டி இறங்குபவர் ஒருவர், மேலே கயிறு பிடிப்பவர் ஒருவர். ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். அதற்குள் கூடை நிறைய வேண்டும்.

இறங்குகிற ஆளுக்குப் பயம் மூச்சில் மட்டுமில்லை, சுறாவிலும் இருந்தது. அதற்கென்று ஓர் உத்தியோகம் இருந்தது. கடல்கட்டி என்பார்கள். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். இது வெள்ளைக்காரன் காலத்துப் புதினமல்ல. 13ஆம் நூற்றாண்டில் இந்தக் குடாவைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கிடைப்பதில் பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று மீனைக் கட்டுகிறவருக்கு என்று கணக்கே கொடுக்கிறார். பகலில் கட்டிய மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவார்களாம். இரவில் களவாக யாரும் இறங்கக்கூடாதே! சுறாவையே காவலுக்கு வைத்த கெட்டிக்காரத்தனம்.

ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கடல்கட்டிக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. அவர்கள் அதை நம்பினார்கள் என்றில்லை. கடல்கட்டி கரையில் நிற்காவிட்டால் குளிகாரர் இறங்கமாட்டார்கள், இறங்காவிட்டால் வருமானமில்லை. 1840களின் பின்பாதியில் இலங்கையின் காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் அரிப்புக்கு வந்து பார்த்ததை எழுதியிருக்கிறார். அந்தச் சமயம் பரம்பரைக் கடல்கட்டியின் தலைமை ஆள் ஒரு கத்தோலிக்கர். அவருக்குச் சுகமில்லை, பதில் ஆளை அனுப்பியிருந்தார். பதில் ஆளிடம் டெனன்ட் விசாரித்தால், தனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது, ஆனாலும் பெரியவரின் ஆளாகத் தான் வந்து நின்றாலே போதும், சுறா மரியாதை கொடுக்கும் என்றாராம்.

சிரிப்பு வரும். நமக்கும் வந்தது. ஆனால் அந்த வள்ளத்தில் இருந்த நம் ஆட்களை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. நன்மையும் தீமையும் அல்லாஹ்வின் நாட்டமின்றி வராது என்று மதரஸாவில் ஓதி வந்த ஒரு கீழக்கரை வாலிபர், மந்திரத்துக்குக் கூலி கொடுத்த பிறகுதான் புறப்படும் வள்ளத்தில் குந்தியிருக்கிறார். அவர் வேண்டாம் என்றால் வள்ளம் நிற்கப்போவதில்லை, அவர்தான் நிற்பார். கத்தோலிக்கப் பரதவருக்கும் இதே சங்கடம். அவருடைய சுவாமியாரும் மந்திரத்தை ஏற்கிறவரல்லவே. அப்படியிருந்தும் மந்திரக்காரரே கத்தோலிக்கராக இருந்தது நமக்கு இன்னும் யோசனையைக் கொடுக்கிறது. தான் செய்வதை அவர் எப்படித் தனக்குள் சொல்லிச் சமாளித்திருப்பார்? குடும்பத் தொழில் என்றா? நான் நின்றால் நாலு பேர் பயமில்லாமல் இறங்குவார்கள், அவர்கள் பிள்ளைகள் சாப்பிடும் என்றா?

ஒன்றில் மட்டும் குளிகாரர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1797 முதல் 1800 வரை இலங்கையில் இருந்த பிரித்தானியப் படைக் கப்டன் ரொபர்ட் பெர்சிவல், 1803இல் வெளியிட்ட தன் புத்தகத்தில், ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் நாட்களுக்கு ஓய்வு எடுப்பதால் சலாப நாட்கள் நன்றாகக் குறைந்துபோகின்றன என்று எழுதுகிறார். ஒவ்வொரு நாளும் அரசாங்கத்துக்குப் பெருங்காசு. ஆனாலும் அந்த நாட்களில் கடலுக்கு யாரும் போகவில்லை. தனியாளாக மந்திரத்தைத் தடுக்க முடியாதவர்கள், கூட்டமாகத் தங்கள் நாளைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இதை அந்தப் பிள்ளையிடம் முதலில் சொன்னோம்.

குளிகாரருக்குச் சம்பளமில்லை, பங்கு. கடைசிக் காலத்துச் சலாபங்களில் நடந்த முறை இது: கரைக்கு வந்ததும் கொட்டு என்ற வேலியடைத்த இடத்துக்குள்ளே சிப்பியைக் கொண்டுபோய் மூன்று குவியலாகக் கொட்ட வேண்டும். கொட்டுக்குப் பொறுப்பான அதிகாரி இரண்டைக் காட்டுவார், அவை அரசாங்கத்துக்கு. மற்றது குளிகாரருக்கு. எதைக் காட்டுவார் என்று தெரியாததால் மூன்றையும் சரிசமமாகத்தான் பிரித்தாக வேண்டும். தம்பிக்கும் தங்கச்சிக்கும் பலகாரத்தை உம்மா பங்கு வைக்கச் சொல்லும் அதே வழி. பிரிப்பதில் நியாயம்தான், மூன்றில் இரண்டு யாருக்கு என்பதில்தான் கேள்வி. 1905இல் மட்டும் 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் அரசாங்கத்துக்குக் கிடைத்தது.

1906இல் மறிச்சுக்கட்டியில் அந்தக் கொட்டு வேலைக்கு வந்தவர்களில் ஒருவர் லெனாட் வூல்ஃப். பின்னாளில் பெரிய எழுத்தாளர். அப்போது 25 வயது. கால்போக்கில் இந்த ஆட்சி உத்தியோகமே மனச்சாட்சிக்கு ஒத்துவராமல், 1912இல் பதவியை விட்டுவிட்டார். நல்ல மனிதர், மறுக்கவில்லை. ஆனால் அவர் விட்டுப் போக லண்டனில் வீடு இருந்தது.

இனி, நாம் எழுத நினைத்த ஆட்களுக்கு வருவோம். குளிகாரருக்காவது பங்கு இருந்தது. அவருக்கும் கீழே ஒரு கூட்டம்: ஏலத்தில் சிப்பி வாங்கிய வியாபாரிகள் நாட்கூலிக்குப் பிடித்த கழுவும் ஆட்கள். சிப்பியை உயிரோடு திறந்து பார்க்கமாட்டார்கள். குவித்து அழுகவிடுவார்கள். ஈ மொய்த்து, புழுப் பிடித்து, காற்றடித்தால் மைல் கணக்கில் நாறும். அழுகியதைப் பழைய வள்ளங்களில் கொட்டி, கடல்நீர் ஊற்றி, கூலிகள் இரண்டு பக்கமும் குந்தியிருந்து கையால் பிசைந்து கழுவ வேண்டும். தலைக்குமேல் கண்காணி நிற்பார். கை வாய்ப்பக்கம் போனால் சந்தேகம். ஏனென்றால் முத்தை விழுங்கலாம். விழுங்கினார் என்று சந்தேகப்பட்டால் பூட்டிவைத்து, வாந்திக்கும் பேதிக்கும் மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள் என்று பெர்சிவல் எழுதுகிறார். ஒரு மனிதனின் குடலுக்குள்ளேயும் முதலாளிக்குச் சோதனை போடும் உரிமை இருந்த வேலை அது.

அவரே இன்னொரு கதையும் சொல்கிறார். கூலிகள் கூட்டாகச் செய்யும் ஒரு தந்திரம். தங்களுக்குள்ளே ஒருவரைக் கள்ளனாக முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வார்கள். யாராவது ஒருவர் கையில் பெரிய முத்துத் தட்டுப்பட்டால் இவருக்குச் சாடை. உடனே இவர் மலிவான ஒரு சின்ன முத்தை, எல்லோரும் காணும்படியாக, மறைக்கத் தெரியாதவர்போல் மறைப்பார். பிடிபடுவார். அடி விழும். கூக்குரலிடுவார். எல்லோர் கண்ணும் அங்கே போன நேரத்தில் பெரிய முத்துப் பத்திரமாகிவிடும். அடிவாங்கி வெளியே துரத்தப்பட்டவருக்குப் பிறகு பங்கு போய்ச் சேரும்.

பத்தாம் வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு பிள்ளை மட்டும் கேட்டது: "சேர், அப்ப அது அமானிதம் இல்லையா?"

அமானிதம்தான். அடுத்தவர் பொருள் நம் கையில் ஒப்படைக்கப்பட்டால் அது அமானிதம், கூலி குறைவென்பதற்காக அது மாறாது. இதில் நமக்குத் தடுமாற்றமில்லை. ஆனால் பெர்சிவல் கள்ளன் என்று காட்டுவது அந்தக் கூலியை மட்டும்தானே? 1796 முதல் 1799 வரை ஒரு வருடமும் விடாமல் பாரைச் சுரண்டியெடுத்து, கடைசி வருடத்தில் வருமானம் சரியும்வரை நிறுத்தாத கும்பினியை அந்தச் சொல்லால் அவர் அழைக்கவில்லை. 1906இல் பார்களை ஒரு லண்டன் கொம்பனிக்கு வருடம் 3,10,000 ரூபாய்க்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907ஓடு சிப்பியே இல்லாமல் போனது. அதற்கும் யாரையும் பூட்டிவைத்துப் பேதி மருந்து கொடுக்கவில்லை. கூலி செய்தது சரியென்று இதனால் ஆகிவிடாது. ஆனால் ஒழுக்கத்தின் எடைக்கல் ஏன் எப்போதும் சம்பளம் குறைந்தவரின் தட்டில் மட்டும் விழுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று. அந்த வள்ளங்களின் ஓரத்தில் தந்திரம் செய்யாமல், விழுங்காமல், நாள் முழுக்க அழுகலில் கைவைத்திருந்து, கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனவர்களும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எந்தக் கப்டனும் எழுதமாட்டார். எழுத என்ன இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லையே.

இதையெல்லாம் பழைய கதை என்று ஒதுக்க நமக்கு மனமில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கல்பிட்டியில் போய் இறங்கியவர்களின் பிள்ளைகள் நாம். கையில் ஒன்றுமில்லை. ஊரில் வாசல் தாண்டிக் கூலிக்குப் போகாத நம் உம்மாமார் கல்பிட்டி வெங்காயத் தோட்டங்களுக்குப் போனார்கள். அந்நிய ஆண்கள் நிற்கும் இடத்தில், குனிந்து, வெயிலில். அதை நாலு பேர் குறையாகப் பேசியதும் நமக்குத் தெரியும். பேசியவர்கள் வீட்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நம் பெரியும்மா ஒருவர் புடவைத் தலைப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு போவார், வந்து குளித்துவிட்டு, கழா தொழுகையெல்லாம் தொழுது முடித்துத்தான் சோற்றில் கை வைப்பார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த வெங்காயக் காசில்தான் எங்களில் பலர் படித்து, கலாசாலைக்குப் போய், இன்று சோக்கட்டியைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஒழுக்கம் சொல்கிறோம்.

பெரியும்மாவின் வேலையும் பாரில் போத்தல் தூக்குவதும் ஒன்றல்ல. அதை அந்தப் பிள்ளையிடமும் மறைக்காமல் சொன்னோம். கூடவே, உன்னோடு வேலை செய்யும் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டோம். ஐந்து பேராம். ஐந்து பேரும் தனித்தனியாக இரவில் யோசித்துக்கொண்டு படுக்கிறார்கள், ஒருவரோடு ஒருவர் இதைப் பேசியதில்லை. சலாபத்தில் ஓய்வு நாளைக் காப்பாற்றியவர்கள் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை மீண்டும் ஒருதரம் சொன்னோம். ஐந்து பேருமாகப் போய் மனேஜரிடம் சாப்பாட்டுப் பக்கம் மட்டும் கேட்கப்போவதாக நேற்று எழுதியிருக்கிறார். நடக்குமோ நடக்காதோ. நடக்காவிட்டால் அவர் வேறு வேலை பார்க்கும்வரை இரண்டு மாதம் அந்த வீட்டுக்கு அரிசி சாமான் வாங்கிக் கொடுக்க, ஊரில் சிலர் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறோம். சேர விரும்புகிறவர்கள் தனியாகச் சொல்லுங்கள், பெயர் வெளியே வராது.

முசலிப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது சலாபத்துக்குக் கூலிக்குப் போன வாப்பும்மா, உம்மும்மா, அப்பாமார் கதை கேட்டிருந்தால், குளித்தவர்களின் கதையைவிடக் கழுவினவர்களின் கதை இருந்தால், நமக்குச் சொல்லுங்கள். வந்து எழுதிக்கொள்கிறோம்.